போணிக்கு முன்னால் போன பணம்

சாம்சன் வசூலுக்குப் போனால் வாயைத் திறக்க மாட்டார். கடையின் ஓரத்தில், வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து நின்றுகொள்வார். கையைப் பின்னால் கட்டியிருப்பார். பார்வை ஷாம்பு சரத்துக்கும் வாழைத்தாருக்கும் இடையில் எங்கேயோ தொங்கும். கடைக்காரர் கண்டும் காணாதவர்போலச் சீனி நிறுப்பார், எண்ணெய் ஊற்றுவார், ஈ விரட்டுவார். சாம்சன் நிற்பார். ‘பாக்கி’ என்ற சொல் அவர் நாக்கில் ஏறவே ஏறாது. கடைசியில் கடைக்காரர்தான் பொறுக்கமாட்டாமல் கல்லாவை இழுப்பார்.

“இந்தாரும்வே, பாதி இருக்கு. வாங்கிக்கிட்டு நடையக் கட்டும். செவுத்துப் பல்லி மாதிரி நின்னுக்கிட்டு!”

பாதியை வாங்கிக்கொண்டு சாம்சன் வண்டியேறுவார். மீதிப் பாதி அடுத்த வாரம் என்று பேச்சு. அடுத்த வாரம் வருவதற்குள் புதுச் சரக்கு இறங்கியிருக்கும், பழைய பாதி அதற்கு அடியில் போயிருக்கும்.

சங்கரன்கோவிலில், திருவேங்கடம் ரோட்டில் அவருக்கு ஒரு பிஸ்கட் ஏஜென்சி இருந்தது. கம்பெனியிடமிருந்து சரக்கை மொத்தமாக எடுத்து, சுற்றுவட்டாரத்துக் கடைகளுக்கு வண்டியில் கொண்டுபோய்ப் போட வேண்டும். திங்கள் சிவகிரி, செவ்வாய் திருவேங்கடம், புதன் இளையரசனேந்தல் என்று கிழமைக்கு ஒரு திசை. அதை ‘லைன்’ என்பார்கள். கம்பெனிக்கு முன்பணம் கட்டினால்தான் சரக்கு வரும். கடைக்காரர்களோ பிஸ்கட்டை விற்று, அந்தக் காசில் உளுந்து வாங்கி, உளுந்தை விற்று, மகளுக்குக் காலேஜ் பணம் கட்டி, அதற்கப்புறம் மிச்சம் இருந்தால்தான் இவர் பக்கம் திரும்புவார்கள். சாம்சனின் கைமுதல் முழுவதும் இப்படி ஊரூராகச் சிதறிக் கிடந்தது. தொலைந்துபோன பணம் இல்லை, எங்கே இருக்கிறது என்று தெரிந்த பணம்தான். ஆனால் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய நாளில் அது கையில் இருக்காது.

அதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. கரிசல் காட்டுப் பாதையில் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் போவது அவருக்குப் பிடித்த காரியம். டிரைவர் மாரிராஜும் அளந்துதான் பேசுவான். சில நாள் இருவரும் சேர்ந்து பேசியது “டீ?” என்ற ஒரே சொல்லாக இருக்கும். கேட்டவர் யார் என்றுகூடப் பிறகு நினைவிருக்காது. உழுது போட்ட காட்டையும், தூரத்தில் நீலமாகக் கிடக்கிற மலையையும் பார்த்துக்கொண்டு வருகிறபோது, பணம் வரும் போகும், இந்த அமைதி நம்மோடு இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றும். அப்படித் தோன்றுவதுதான் தன் வியாபாரத்தின் குறை என்பதும் கூடவே தோன்றும்.

மே மாத வெயிலில் ஒருநாள் கம்பெனி அதிகாரி வந்தார். இளநீரைக் குடித்து முடிக்கும்வரை நல்லபடியாகத்தான் பேசினார்.

“சாம்சன் சார், ஆடித்தபசுத் திருவிழா சீசனுக்கு முழுச் சரக்கு எடுத்தாகணும். ஜூலை பாதிக்குள்ள பணம் கட்டிருங்க. போன வருசம் மாதிரி பாதிச் சரக்கு எடுத்தீங்கன்னா, திருவேங்கடம், இளையரசனேந்தல் ரெண்டு லைனையும் வேற ஏஜென்சிக்குக் குடுத்துரணும்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. என் கையில ஒண்ணுமில்ல.”

பெரிய வியாபாரம் அந்த இரண்டு லைனில்தான். அவை போனால் ஏஜென்சியில் மிச்சம் இருப்பது ஒரு கோடவுனும் அதன் வாடகையும்தான். சாம்சன் தலையை ஆட்டினார். அதிகாரி போனபிறகும் வெகுநேரம் இளநீர்க் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி சுகிர்தா பி.காம். படித்தவள். கம்ப்யூட்டரில் பில் போடுவதும் வரி கட்டுவதும் அவள்தான். அவள் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் முதுகில் பேனாவால் படம் போட்டாள். இந்தப் பக்கம் வரிசையாகக் கடைகள், அந்தப் பக்கம் ஒரு பேங்க், நடுவில் அம்புக்குறிகள்.

“ஆட்டோ டெபிட் போட்டுருவோம். ஃபோன் வாங்குன கடனுக்கு மாசாமாசம் தானா பிடிக்காங்கல்லா, அதே மாதிரிதான். கடைக்காரங்க ஒரே ஒரு தடவை சம்மதம் குடுத்தா போதும். பத்தாம் தேதி ஆச்சுன்னா அந்த மாசத்துப் பில்லு அவங்க கணக்குல இருந்து நம்ம கணக்குக்கு வந்துரும். நீங்க போய் நிக்க வேண்டாம்.”

“நிக்கதுல எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல.”

“உங்களுக்கு இல்ல. பாக்குதவங்களுக்குத்தான்.”

சாம்சன் அம்புக்குறிகளைப் பார்த்தார். கோணல்மாணல் இல்லாமல் எல்லாம் ஒரே திசையில் ஓடின. மனிதர்கள் இப்படி ஓடமாட்டார்களே என்று நினைத்தார். சரி என்று மட்டும் சொன்னார்.

மறு செவ்வாய் லைனில் சுகிர்தாவும் கூட வந்தாள். திருவேங்கடத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சங்கரசுப்புவின் கடை. அந்த வட்டாரத்துக் கடைக்காரர்களில் பெரிய வாய் அவருடையதுதான். அவர் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டால் மற்றவர்களும் ஒத்துக்கொள்வார்கள். அவர் முறைத்துக்கொண்டால் சுற்றுப்பட்டில் ஒரு பாக்கெட் விற்காது.

“அப்ப என் கணக்குக்குள்ள நீங்க கைய விடுவீய, நான் வேடிக்கை பாக்கணும். அப்படித்தான?” என்றார் சங்கரசுப்பு.

“மேல்வரம்பு உண்டு அண்ணாச்சி. அதுக்கு மேல ஒரு ரூவா எடுக்க முடியாது. எவ்வளவு போகும்னு முன்கூட்டியே ஃபோனுக்கு வந்துரும். பிடிக்கலைன்னா பேங்க்ல சொல்லி எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கிடலாம். பெட்டிக்கு ரெண்டு பாக்கெட் சும்மாவும் தாரோம்.”

சங்கரசுப்பு சாம்சனைப் பார்த்தார். சாம்சன் வழக்கமான ஓரத்தில் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார்.

“இவரு இங்கன வந்து நிக்க மாட்டாரே?”

“வசூலுக்கு நிக்க மாட்டாவ.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அப்ப நம்பரைச் சொல்லுதேன். அடிச்சுக்கிடுங்க.” ஃபோனை எட்டப்பிடித்து, சம்மதத்துக்காக பேங்கிலிருந்து வந்த ரகசிய எண்ணை உரக்க வாசித்தார். கடைக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் இளையரசனேந்தலில் சுந்தரம்மாள், பேங்க் கணக்கு இருக்கிற ஃபோனைச் சேலை முந்தியில் துடைத்துவிட்டுத் தந்தாள். “நீங்க சொன்னா சரிதான் தம்பி. இத்தன வருசத்துல ஒரு பாக்கெட் குறைச்சுப் போட்டதில்ல. உங்க பேங்க் மட்டும் குறைச்சா எடுக்கப்போவுது? கூட எடுக்காம இருந்தாச் சரி.” அந்த மாதம் முடிவதற்குள் இரண்டு லைனிலும் பெரும்பாலான கடைகள் சம்மதம் கொடுத்துவிட்டன.

ஜூன் பத்தாம் தேதி விடிந்தது. சாம்சன் கோடவுன் வாசலில் காபித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சுகிர்தா, “வந்துட்டு” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “இன்னும் வருது” என்றாள். பிறகு அவளே எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. பாதி இல்லை, முக்கால் இல்லை, முழுப் பில். எத்தனை வெயிலில், எத்தனை கடை ஓரங்களில் நின்று வாங்கியிருக்க வேண்டிய பணம்! அது காபி ஆறுவதற்குள் வந்து சேர்ந்திருந்தது. சாம்சனுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாததுபோல ஒரு தடுமாற்றமும் இருந்தது. உழைக்காமல் வந்த கூலி மாதிரி.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. சங்கரசுப்பு.

“ஏ சாம்சன், நீரு மனுசனா?”

“என்னாச்சு அண்ணாச்சி?”

“இன்னும் கடை திறக்கல. வாசல் தெளிக்கல. ஒரு தீப்பெட்டி விக்கல. பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கேன், ஃபோன்ல மணி அடிக்கி. பாத்தா காசு போயிட்டு! போணிக்கு முன்னால எவனாவது கடைக்காரன்கிட்ட காசு கேப்பானாவே? பிச்சைக்காரன்கூட, போணி ஆயிட்டான்னு பாத்துட்டுத்தான் கையை நீட்டுவான்!”

சாம்சன் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். இத்தனை வருட வசூலில் அவர் எந்தக் கடையிலும் முதல் வியாபாரத்துக்கு முன்னால் கால் வைத்தவரில்லை. வெள்ளென ஓர் ஊருக்குப் போய்விட்டால், எதிரில் டீக்கடையில் உட்கார்ந்து, கடைக்காரர் முதல் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் எழுந்து போவார். அது அவருக்கு யாரும் சொல்லித் தந்த பாடமில்லை, மூச்சு விடுவதுபோலத் தெரிந்த காரியம். அவ்வளவு தெரிந்ததால்தானோ என்னவோ சுகிர்தாவிடம் அதைச் சொல்லத் தோன்றவில்லை. அவள் போட்ட படத்தில் தேதி இருந்தது. காலைப்பொழுது என்று ஒன்று இல்லை.

அன்றைக்கென்று திருவேங்கடத்தில் கரண்டு போய், சங்கரசுப்பு கடை ஐஸ்பெட்டியில் இருந்த பால் எல்லாம் திரிந்துவிட்டது. இளையரசனேந்தலில் சுந்தரம்மாள் கடைத் தராசு கீழே விழுந்து தட்டு நெளிந்தது. வேறொரு கடையில் கடன் கேட்டு மூன்று பேர் வந்தார்களாம், காசு கொடுத்து வாங்க ஒருவர்கூட வரவில்லையாம். அந்த வட்டாரத்தில் அன்று நடந்த கெட்டது அத்தனைக்கும் சாம்சன் பெயர்தான் சொல்லப்பட்டது.

மறுநாள் திருவேங்கடத்து பேங்கிலிருந்து ஆபிதா பானு என்ற அதிகாரி கூப்பிட்டாள்.

“சார், உங்க கடைக்காரங்க நாலஞ்சு பேரு ஒண்ணா வந்து நிக்காங்க. ஆட்டோ டெபிட்ட நிறுத்தணுமாம். இல்லன்னா போணிக்கு அப்புறம் எடுக்கணுமாம். ஃபார்ம்ல அப்படி ஒரு கட்டம் இல்லையே சார்.”

“நேரத்த மாத்த முடியாதாம்மா?”

“தேதிதான் சார் நம்ம கையில. நேரம் மெஷின் கையில.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “எங்க வாப்பாவும் கடை வச்சிருந்தாங்க சார். அவங்க கோவம் எனக்குப் புரியுது. ஆனா மெஷினுக்குப் புரியணுமே.”

சங்கரசுப்புவும் அவருடைய எதிர்க்கடைக்காரரும் அன்றே நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் ஒரு வழி பண்ணாவிட்டால் தாங்களும் நிறுத்துவதாக மற்றவர்கள் சொன்னார்கள். அடுத்த மாதம்தான் ஆடித்தபசுச் சரக்குக்குப் பணம் கட்ட வேண்டிய மாதம். அந்த வசூல் நின்றுபோனால் லைன் இரண்டும் கையை விட்டுப் போய்விடும்.

சுகிர்தாவுக்குக் கோபம் தாங்கவில்லை. “ஃபோன்ல படம் பாக்காவ, ஃபோன்லயே மகனுக்குப் பொண்ணும் பாக்காவ. காசு போனா மட்டும் போணியாம்! இதெல்லாம் ஒரு நம்பிக்கையா? நம்ம சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க, நமக்கென்ன போணி?”

அந்த நேரம் பார்த்து மாரிராஜ் வந்து தலையைச் சொறிந்தான்.

“அண்ணாச்சி, டீசலுக்கு…”

“இருடே, மொதல்ல ஒரு பில்லு போடட்டும்” என்றார் சாம்சன்.

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. சுகிர்தா அவரையே பார்த்தாள். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். கடைசியில் சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மாரிராஜ் ஒன்றும் புரியாமல், டீசல் பணம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்ற முகத்தோடு நின்றான்.

இரண்டு நாள் கழித்து, விடிந்தும் விடியாமல் சாம்சன் பைக்கை எடுத்துக்கொண்டு திருவேங்கடம் போனார். என்ன பேசப்போகிறோம் என்று வழியெல்லாம் யோசித்தார். ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை. சங்கரசுப்பு அப்போதுதான் கடை திறந்து, சாமி படத்துக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். சாம்சனைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

“எதுவா இருந்தாலும் போணிக்கு அப்புறம். அங்கனயே நில்லும்.”

சாம்சன் நின்றார். இந்தத் தடவை அந்த நிற்பில் வசூல் இல்லை. எதிரே டீக்கடையில் பால் பொங்குகிற வாசனை வந்தது. ஆடுகளைப் பத்திக்கொண்டு ஒருவர் போனார். முதல் பஸ் வந்து, யாரையும் இறக்காமல் போயிற்று. ஒருவரும் கடைப்பக்கம் வரவில்லை. சங்கரசுப்பு இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டு, ‘உம்ம ராசி இது’ என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். பைக்கில் வந்த களைப்பில் சாம்சனுக்குத் தொண்டை காய்ந்தது.

“அண்ணாச்சி, ஒரு பன்னீர் சோடா குடுங்க.”

“சில்லறை இல்ல.”

சாம்சன் ஃபோனை எடுத்து, கல்லாமேல் ஒட்டியிருந்த க்யூ.ஆர். சதுரத்தைப் படம் பிடித்துப் பணம் அனுப்பினார். கல்லாவுக்குப் பின்னால் இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒரு பெண் குரலில் தொகையைச் சொல்லி, வந்து சேர்ந்தது என்று அறிவித்தது. சங்கரசுப்பு அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்தார். ஒரு கண்ணில் ஒற்றினார், மறு கண்ணில் ஒற்றினார், சாமி படத்துக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி, இருந்த இடத்தில் வைத்தார். திரும்பியபோது ஆளே மாறியிருந்தார்.

“ம், இப்பச் சொல்லும்வே. வீட்ல எல்லாரும் சொகமா?”

சாம்சன் சோடாவை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார். சொல்லவந்த சமாதானமெல்லாம் மறந்துபோயிற்று. அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கரசுப்பு பொறுத்துப் பார்த்தார்.

“என்னவே, பேச வந்தீரா, குடிக்க வந்தீரா?”

“அண்ணாச்சி… பேங்க் எடுக்குததுக்கு முன்னால நான் ஒரு சோடா வாங்கிட்டா?”

“எப்ப?”

“பத்தாம் தேதி வெள்ளென. வீட்ல இருந்தே காசு போட்டுட்டு.”

“கடை திறக்குமுன்ன வாரது போணியா?”

“கடை திறக்குமுன்ன போறது நட்டம்னா, அப்ப வாரது போணிதான?”

சங்கரசுப்பு மீசையைத் தடவினார். அந்தக் கேள்வியில் ஓட்டை இருக்கிறதா என்று நாலு பக்கமும் சுற்றிப் பார்த்ததுபோல் இருந்தது. இல்லை என்று தெரிந்ததும் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“பேசாத ஆளு பேசினா இப்படித்தான் மடக்குவான். சரி வே. ஆனா ஒண்ணு. சும்மா காசை மட்டும் போட்டுட்டு இருந்துரப்படாது. என்ன பொருள்னு சொல்லணும், நான் எடுத்து வைக்கணும், நீரு வந்து வாங்கிக்கிடணும். பொருள் கை மாறுனாத்தான் அது வியாபாரம். இல்லைன்னா பிச்சை. உம்ம பிச்சை எனக்கு வேண்டாம்.”

சுகிர்தாவிடம் சொன்னபோது அவள் முதலில் தலையில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு கால்குலேட்டரை எடுத்தாள். கடைக்கு ஒரு சிறு பொருள் என்று எல்லாக் கடைக்கும் கூட்டினாலும், வசூலுக்கென்று வண்டி தனியாக ஓடிய டீசலில் பாதிகூட ஆகவில்லை. “முட்டாள்தனம்தான். ஆனா விலை குறைஞ்ச முட்டாள்தனம்” என்றாள்.

அடுத்த வாரம் இரண்டு லைனிலும் சாம்சன் கடைகடையாக இதைச் சொன்னார். ஆளுக்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். ஒருவர் புளி கேட்கக்கூடாது என்றார். இன்னொருவர் ஊசி, கத்திரிக்கோல் வேண்டவே வேண்டாம் என்றார். சுந்தரம்மாள், “எங் கடையில கருப்பட்டி வாங்குங்க தம்பி. தொடக்கம் இனிப்பா இருக்கட்டும்” என்றாள். சங்கரசுப்பு இன்னொரு தடவை ஃபோனை எட்டப்பிடித்து எண்ணை வாசித்தார். அவர் வாசித்த சத்தத்தில் எதிர்க்கடைக்காரரும் வந்து, தானும் நிறுத்தியதை மறுபடி தொடங்கச் சொன்னார்.

ஜூலை பத்தாம் தேதி கிழக்கு வெளுக்கும் முன்பே கோடவுனில் விளக்கு எரிந்தது. சுகிர்தாவின் ஃபோன், மாரிராஜின் ஃபோன், சாம்சனின் ஃபோன். கடைகளின் சதுரங்களெல்லாம் முன்பே படம் பிடித்து வைக்கப்பட்டிருந்தன. பணம் அனுப்புவது மற்ற இருவரின் வேலை. என்ன பொருள் என்று கடைக்காரருக்குக் குரலில் சொல்லி அனுப்புவது சாம்சன் வேலை.

“ஒரே ஒரு தடவை பேசி எல்லாருக்கும் அனுப்பிரலாம்லா?” என்றாள் சுகிர்தா.

“எல்லாருக்கும் பொதுவா வாங்கினா அது போணி இல்ல சுகி.”

முதலில் சங்கரசுப்பு. ஃபோனை வாய்க்கு முன்னால் பிடித்து, சாம்சன் தொண்டையைச் செருமினார். “அண்ணாச்சி… சாம்சன் பேசுதேன். ஒரு பன்னீர் சோடா எடுத்து வையுங்க. காசு போட்டிருக்கேன்.” அடுத்தது சுந்தரம்மாள். “அக்கா, ஒரு வட்டு கருப்பட்டி.” அடுத்த கடையில் முறுக்கு, அதற்கடுத்த கடையில் பனங்கற்கண்டு. தொடக்கத்தில் சொற்கள் சரளைக்கல் மாதிரி ஒவ்வொன்றாக உருண்டன. போகப்போக இளகின. ஒருவரிடம் பேரன் காய்ச்சல் தேறிவிட்டதா என்று கேட்டார். இன்னொருவரிடம், போன மழைக்கு ஒழுகிய கூரையை மாற்றியாகிவிட்டதா என்று விசாரித்தார். இத்தனை காலம் அந்தக் கடை ஓரங்களில் நின்றபோது பார்த்ததும் கேட்டதுமெல்லாம் அவருக்குள்ளே அப்படியே இருந்திருக்கிறது என்பதை அவரே அப்போதுதான் கண்டார். பாக்கிக்காக நிற்கிறவன் நலம் விசாரித்தால் அது வசூல் தந்திரம் ஆகிவிடும் என்று பயந்துதான் அவர் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார் போலும்.

மாரிராஜ் சுகிர்தாவின் பக்கம் சாய்ந்து, “அக்கா, அண்ணாச்சி இவ்வளவு பேசுவாவன்னு எனக்குத் தெரியவே தெரியாது” என்றான்.

“எனக்கும்தான்” என்றாள் அவள்.

பிறகு காத்திருந்தார்கள். வெளிச்சம் ஷட்டருக்கு அடியில் ஒரு கோடாக வந்தது. பிறகு அகலமானது. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. போன மாதம் இந்த நேரத்துக்குப் பாதி வந்திருந்தது என்று சுகிர்தா சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே நினைத்து, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். ஒருவேளை சரி சரி என்று தலையாட்டிவிட்டு, எல்லோரும் கணக்கில் இருந்த பணத்தை வழித்து எடுத்துவைத்துவிட்டார்களோ? சாம்சன் அப்படி நினைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த நினைப்பு கேட்டுக்கொண்டா வருகிறது?

முதலில் வந்தது பணம் இல்லை, குரல். சங்கரசுப்புவின் தூக்கம் கலையாத குரல்.

“பெட்டிய ராத்திரியே வீட்டுக்கு எடுத்தாந்துட்டேன், சத்தம் கேட்டுது வே. கண்ணுல ஒத்திக்கிட்டேன். கடை திறந்ததும் சோடாவ ஐஸ்பெட்டியில தனியா வச்சிருதேன், எவனுக்கும் குடுக்க மாட்டேன். ம், இப்ப எடுக்கச் சொல்லும் உம்ம பேங்க.”

பேங்குக்கு அது கேட்டதுபோல, கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வரத்தொடங்கியது. சுகிர்தா ஒவ்வொரு கடையாகப் பெயர் சொல்லச் சொல்ல, மாரிராஜ் ஒவ்வொன்றுக்கும் “ஆங்” போட்டான். ஒரே ஒரு கடையில் மட்டும் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பியது. மற்ற எல்லாம் முழுசாக வந்தன. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஆடித்தபசுச் சரக்குக்கான தொகையைச் சுகிர்தா கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். அதிகாரியே கூப்பிட்டார்.

“முழுசாவா கட்டிட்டீங்க? நான் பாத்தது சரிதானா? ரெண்டு லைனும் உங்களுக்குத்தான் சார். மேல சொல்லிருதேன். எப்படி சார் வசூல் பண்ணுனீங்க?”

“கொஞ்சம் சாமான் வாங்குனோம்” என்றார் சாம்சன். அதற்குமேல் விளக்க அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை திருவேங்கடம் லைன். ஆடித்தபசுச் சரக்கு வண்டி கொள்ளாமல் இருந்தது. வழியில் ஒவ்வொரு கடையிலும் வாங்கிவைத்த பொருளைக் கையில் தந்தார்கள். முறுக்கு, ஒரு கட்டு வெற்றிலை, அரைப் படிக் கடலை. போணிப் பொருளாயிற்றே, சொத்தை இருக்கக்கூடாது என்று பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தார்கள். முன்சீட்டில் இருவருக்கும் நடுவே இருந்த இடம் நிறைந்துவிட்டது. சங்கரசுப்பு கடைக்கு முன்னால் வண்டி நின்றதும் அவர் குரல்தான் முதலில் வந்தது.

“வாரும்வே, வாரும். உம்மகிட்ட ஒரு சண்டை இருக்கு.”

“என்ன அண்ணாச்சி?”

“எதிர்க்கடைக்காரன் ஃபோனை எல்லாருக்கும் போட்டுக் காட்டுதான். ‘பேரன் நல்லாருக்கானா, காய்ச்சல் விட்டுட்டா’ன்னு அவன்கிட்ட அவ்வளவு நேரம் பேசியிருக்கீரு. அதுவும் ரெண்டு பாக்கெட் முறுக்கு! எனக்கு ஒரு சோடா, வறட்டுவறட்டுன்னு நாலு வார்த்தை. நான் என்னவே இளப்பமா? மொதல்ல நம்பரைச் சொன்னது யாரு? அடுத்த மாசம் மொதக் காசு எங் கடைக்குத்தான் விழணும். சொல்லிப்புட்டேன்.”

சாம்சன் சோடாவை வாங்கிக்கொண்டார். அது உள்ளங்கையில் சில்லென்று இருந்தது.

“இந்த மாசமும் மொதல்ல உங்களுக்குத்தான் போட்டேன் அண்ணாச்சி. அதான் பேச்சு வரல. அதுக்கப்புறம்தான் வாய் தெறந்துச்சு.”

கடையில் நின்றவர்கள் சங்கரசுப்புவையே பார்த்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பி, மாரிராஜ் இறக்கிவைத்த பிஸ்கட் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணுவதுபோல நின்றார். எண்ணி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

“இன்னும் ரெண்டு பெட்டி சேத்துப் போடச் சொல்லும்” என்றார், திரும்பிப் பார்க்காமலே.